வில்லங்கம் பார்த்து வாங்குங்கள்
பழைய பேஸ்பால் கையெழுத்துகளைச் சேகரிப்போருக்கு ஒரு திறந்த மடல்



பேப் ரூத் 1948இல் காலமானார். லூ கெரிக் 1941இலேயே போய்விட்டார். கிறிஸ்டி மேத்யூசன் மறைந்த ஆண்டு 1925. இந்த ஆட்டக்காரர்களின் கை பட்ட பந்துகளையும் காசோலைகளையும் புகைப்படங்களையும் கடிதங்களையும் தேடிப் பிடித்து, வெயிலும் ஈரமும் அண்டாமல் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் நீங்கள். அமெரிக்க பேஸ்பால் வரலாற்றின் எத்தனையோ தடயங்கள் காப்பகங்களில் இல்லை, உங்கள் வீட்டு அலமாரிகளில்தான் இருக்கின்றன. அந்த மதிப்போடுதான் இந்த மடலை எழுதுகிறேன். ஒரு பொருளை விலைபேசும்போது நீங்கள் முதலில் கேட்பது ‘இந்தக் கையெழுத்து அசலா?’ என்று. அதற்கும் முந்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘இது யார் கையிலிருந்து புறப்பட்டு, யார் யார் கைவழியாக இங்கே வந்து சேர்ந்தது?’ இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாத பொருளுக்கு, எத்தனை நிபுணர்கள் ‘அசல்தான்’ என்று முத்திரை குத்தியிருந்தாலும், முழு விலை கொடுக்காதீர்கள். வாங்குகிறவர்கள் இந்த ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டால் போலி செய்பவனுக்கும் திருடி விற்பவனுக்கும் இந்தத் துறையில் பிழைப்பு நடக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

தமிழ்நாட்டில் இரண்டு சென்ட் மனை வாங்குகிறவர்கூட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். தாய்ப் பத்திரத்தைக் கேட்கிறார், இடையில் எந்தக் கை மாற்றமாவது விட்டுப்போயிருந்தால் முன்பணம் கொடுக்கத் தயங்குகிறார். மண்ணைத் தொட்டுப் பார்த்து ‘இது நல்ல இடம்தான்’ என்று யாரோ எழுதிக் கொடுத்த சீட்டை மட்டும் நம்பிப் பணத்தை நீட்டுவதில்லை. ஆனால் ஒரு மனையின் விலையைவிடப் பல மடங்கு கொடுத்து ரூத் கையெழுத்திட்ட பந்தை வாங்குகிற இடத்தில் அந்தச் சீட்டு மட்டுமே போதும் என்றாகிவிட்டது. நம்பகச் சான்றிதழ் என்பது என்ன? ஒரு நிறுவனத்தின் நிபுணர் அந்தக் கையெழுத்தின் வடிவம், ஓட்டம், அழுத்தம், மை ஆகியவற்றைப் பார்க்கிறார். தன்னிடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிடுகிறார். பிறகு தன் கருத்தைச் சொல்கிறார். அந்தக் கருத்துக்கு ஓர் எண் கொடுக்கப்பட்டு, மின்னும் ஒட்டுவில்லை ஒன்று பந்தின் மீதோ காகிதத்தின் மீதோ ஏறுகிறது. அதன் பிறகு அது கருத்து என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ரூத் பேனாவை எடுத்தபோது அந்த நிபுணர் பக்கத்தில் இருக்கவில்லை. அந்தப் பந்து அடுத்த எழுபது எண்பது ஆண்டுகள் எங்கே கிடந்தது என்பதும் அவருக்குத் தெரியாது.

பந்தே சாட்சி சொல்லாதா என்று கேட்பீர்கள். சொல்லும், ஓரளவுக்கு. மேஜர் லீக் பந்தில் 108 இரட்டைத் தையல்கள் ஓடுகின்றன. இரண்டு தையல் வரிசைகளும் மிக நெருங்கி வருகிற வெற்றுத் தோல் பகுதியில் ஒரே ஒருவரின் கையெழுத்து தனியாக இருந்தால் அதற்குத்தான் உச்ச விலை. பழைய பந்துகளின் எதிர்ப்புறத்தில் லீக் தலைவரின் கையெழுத்து அச்சாகியிருக்கும். அமெரிக்கன் லீக்கில் 1931 முதல் 1959 வரை வில்லியம் ஹாரிட்ஜ், அவருக்குப் பின் ஜோ குரோனின். குரோனின் பெயர் அச்சான பந்தில் கெரிக்கின் கையெழுத்து இருந்தால் அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை. 1934க்கு முந்திய பந்துகளில் இரண்டு நிற நூல் தையல் இருக்கும். அமெரிக்கன் லீக்கில் சிவப்பும் நீலமும், நேஷனல் லீக்கில் சிவப்பும் கறுப்பும். 1974இல் மாட்டுத்தோலுக்கு அனுமதி வரும் வரை பந்தின் மேலுறை குதிரைத்தோல்தான். பால்பாயிண்ட் பேனா நியூயார்க்கில் கிம்பெல்ஸ் கடையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபர் 29 அன்று. ஆகவே மேத்யூசனோ கெரிக்கோ பால்பாயிண்டில் கையெழுத்திட்டிருக்க வழியில்லை. இவையெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். இந்தத் தேர்வுகளில் தோற்கும் பொருள் போலி என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் தேறிய பொருள் அசல் என்று சொல்ல முடியாது. ஹாரிட்ஜ் காலத்துக் கையெழுத்தில்லாத பந்துகள் இன்றும் கிடைக்கின்றன. பழைய மசிப் பேனா கிடைக்கிறது. பழைய புத்தகங்களின் முன்னும் பின்னும் உள்ள வெற்றுத்தாள்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. நீங்கள் கற்ற பாடத்தை மோசடிக்காரனும் கற்றிருக்கிறான்.

இது ஊகம் இல்லை. 1990களின் நடுவில் சிகாகோவில் மைக்கேல் ஜோர்டன் போன்ற அந்நகர விளையாட்டு வீரர்களின் போலிக் கையெழுத்துகளைப் பற்றித் தொடங்கிய எஃப்.பி.ஐ. விசாரணை, பிறகு சான் டியாகோவுக்கு நகர்ந்து ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் பெருகியது. 1999 அக்டோபரில் எஃப்.பி.ஐ. அதிகாரிகளும் வருமான வரித் துறையினரும் ஒரே நாளில் பல இடங்களில் சோதனை போட்டார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு கும்பல் ரூத்தையும் மிக்கி மேண்டிலையும் கட்டுக்கட்டாக உற்பத்தி செய்துகொண்டிருந்தது தெரியவந்தது. பந்துகளுக்கு ஷெல்லாக் என்ற அரக்கு மெருகைப் பூசிப் பழுப்பேற்றினார்கள். அந்தக் காலத்துக் குடும்பங்களே ஞாபகார்த்தமான பந்து கெடாமலிருக்க ஷெல்லாக் பூசி வைத்தது வழக்கம்தான் என்பதால், அந்தப் பழுப்பே நம்பிக்கையைக் கூட்டியது. அன்னை தெரசாவின் கையெழுத்திட்ட பேஸ்பால்கூட அவர்களின் சரக்கில் இருந்தது. கொல்கத்தாவில் நோயாளிகளுக்கு நடுவே வாழ்ந்தவர் எப்போது, எங்கே, யார் நீட்டிய பேஸ்பாலில் கையெழுத்திட்டார் என்று வாங்கியவர் ஒருமுறை கேட்டிருந்தால் போதும், வியாபாரம் அங்கேயே முடிந்திருக்கும். இந்த வழக்கில் நீங்கள் மறக்கக் கூடாத செய்தி வேறொன்று. அந்தப் பொருள்களோடு சான்றிதழ்களும் சேர்ந்தே விற்கப்பட்டன. காசு வாங்கிக்கொண்டு ‘அசல்’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகவே இருந்தார்கள். அமெரிக்காவில் ஆண்டுதோறும் விற்கும் போலிக் கையெழுத்துப் பொருள்களின் மதிப்பு 10 கோடி டாலருக்குக் குறையாது என்று அப்போது எஃப்.பி.ஐ. மதிப்பிட்டது.

அதே சான் டியாகோவில், பட்ரெஸ் அணியின் நட்சத்திரம் டோனி க்வின் தன் சொந்த அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்துகள் விற்பனைக்கு இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார். இத்தனைக்கும் பிறகு மேஜர் லீக் பேஸ்பால் 2001இல் ஒரு முடிவுக்கு வந்தது. கையெழுத்தை உற்றுப் பார்த்து அசலா என்று சொல்லும் வேலையை அது தேர்ந்தெடுக்கவில்லை. ஆட்டக்காரர் கையெழுத்திடும்போதும், பந்து மைதானத்திலிருந்து வெளியே வரும்போதும், பக்கத்தில் ஒரு சாட்சி நிற்க வேண்டும், அவர் கண்ணெதிரே எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டப்பட வேண்டும் என்று விதி செய்தது. அந்தச் சாட்சிகளில் பலர் காவல்துறையில் இருப்பவர்கள் அல்லது ஓய்வுபெற்றவர்கள். தடயப்பொருளை யார் கையிலிருந்து யார் வாங்கினார் என்று எழுதி வைக்கப் பழகியவர்கள் அவர்கள். கோடிக்கணக்கில் பணம் புழங்கும் ஓர் அமைப்பு, கண்ணால் கண்ட சாட்சிக்கு முன்னால் நிபுணரின் கருத்து நிற்காது என்று ஒப்புக்கொண்டதாகவே இதைப் படிக்கிறேன். உங்கள் பொருள்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1927இல் ரூத் பக்கத்தில் ஹாலோகிராமோடு யாரும் நிற்கவில்லை. அப்படியானால் அந்தச் சாட்சியின் இடத்தில் வைக்கக்கூடியது பொருளோடு கூட வரும் எழுத்துப்பூர்வமான வரலாறு மட்டும்தான்.

மாதிரியோடு ஒப்பிடும் முறை எங்கே உடைகிறது என்பதற்கு ஷூலெஸ் ஜோ ஜாக்ஸனைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1919 உலகத் தொடர் ஊழலில் சிக்கி ஆயுள் தடை பெற்றவர் அவர். எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாது. கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் மனைவி கேட்டிதான் அவர் பெயரை எழுதிக் கொடுத்தார். சந்தேகத்துக்கு இடமில்லாத அவர் கையெழுத்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுள் ஒன்று தெற்குக் கரோலினாவின் கிரீன்வில் கவுண்டியில் பதிவான அவருடைய உயிலில் இருக்கிறது. கேட்டியின் சொத்துக்கு வாரிசான இரண்டு மருத்துவத் தொண்டு நிறுவனங்கள், அந்தக் கையெழுத்தின் சந்தை விலையை அறிந்து, மூல உயிலைத் தங்களிடம் தரும்படி வழக்குத் தொடுத்தன. உயில் பொது ஆவணம், அது அலுவலகத்தை விட்டு வெளியேறாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் பார்வையில் இது பேஸ்பால் வரலாற்றுக்கே கிடைத்த நன்மை. ஏலத்துக்குப் போயிருந்தால் அந்த உயில் ஒரு தனியார் பெட்டகத்தில் முடங்கியிருக்கும். பொது அலுவலகத்தில் இருப்பதால், ஜாக்ஸனின் பெயரில் வரும் எந்தக் கையெழுத்தையும் அதோடு வைத்துப் பார்க்க யாருக்கும் வழி இருக்கிறது. மாதிரிகள் இப்படிக் குறைவாக இருக்கும் இடத்தில் ஒரே ஒரு போலி மாதிரிக் கோப்புக்குள் நுழைந்துவிட்டால் போதும். அதன்பின் வரும் போலிகள் அதற்குப் பொருந்தும், அசல் பொருந்தாமல் போகும்.

2021இல் ஜாக்ஸன் கையெழுத்திட்ட ஒரு புகைப்படம் 14 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. ஏன் அதை நம்பினார்கள்? 1911 வசந்தகாலப் பயிற்சியின்போது கிளீவ்லாந்து நாளிதழ் ஒன்றின் புகைப்படக்காரர் எடுத்த படம் அது. அணியின் மற்ற ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்ட படங்களோடு ஒரே ஆல்பத்தில் இருந்தது. எடுத்தவர் யார், எந்த இடத்தில், எந்தச் சமயத்தில் என்பதெல்லாம் கைவசம் இருந்தன. 2018இல் 6,23,369 டாலருக்கு விற்ற பந்தையும் பாருங்கள். 1939 ஜூன் 12 அன்று கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் புகழ்மண்டபம் திறக்கப்பட்டபோது உயிரோடிருந்து வந்து கலந்துகொண்ட பதினோரு பேரும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ரூத், டை காப், ஹோனஸ் வாக்னர், வால்ட்டர் ஜான்ஸன், சை யங் என்று அந்த வரிசை நீள்கிறது. அன்றைய குழுப் படத்தில் பத்துப் பேர்தான் இருப்பார்கள், காப் தாமதமாக வந்து சேர்ந்தார். அந்தக் கையெழுத்துகளை வாங்கி வைத்திருந்தவர் மார்வ் ஓவன். அன்றைய காட்சி ஆட்டத்துக்காக அழைக்கப்பட்ட தொழில்முறை ஆட்டக்காரர் அவர். அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அன்றைய பதிவுகளே ஆதாரம். அந்தப் பந்தில் யார் இருக்கிறார்கள் என்பதோடு, அது எந்தக் கையில் இருந்தது என்பதும் சேர்ந்தே அந்த விலையைத் தந்தது. நான் கேட்பது புதிய விதி ஒன்றும் இல்லை. உச்ச விலைகளில் நீங்கள் ஏற்கனவே கடைப்பிடிக்கிற ஒழுங்கை ஐந்நூறு டாலர்ப் பொருளுக்கும் ஐயாயிரம் டாலர்ப் பொருளுக்கும் கடைப்பிடியுங்கள் என்கிறேன்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, கையெழுத்தைப் போலவே கதையையும் போலியாக உண்டாக்கலாம் என்பது. மறுக்க மாட்டேன். ஜாக்ஸன் 1919இல் அணிந்ததாகச் சொல்லப்பட்ட சிகாகோ சட்டை ஒன்று, புகழ்பெற்ற ஒரு தனியார் தொகுப்பிலிருந்து 1998இல் மேஜர் லீக் பேஸ்பால் வழியாகக் கூப்பர்ஸ்டவுனுக்குப் போனது. ஜாக்ஸனின் மனைவியிடமே நேரில் வாங்கியது என்பது அதன் கதை. 2010இல் சோதித்தபோது, சட்டையின் சின்னத்தில் இருந்த சாயப்பொருள் 1940களுக்கு முன்னால் இல்லவே இல்லாதது என்று தெரிந்தது. காப்பின் 1946ஆம் ஆண்டு நாட்குறிப்பு என்று அதே புகழ்மண்டபத்தில் இருந்த ஒன்று, காப்பின் வாழ்க்கைக் கதையை எழுதியவர் வழியாக வெளிவந்தது. அதைவிட நெருக்கமான வழி இருக்க முடியுமா? ஆனால் எஃப்.பி.ஐ. ஆய்வகம் அந்த எழுத்து காப்புடையது அல்ல என்று சொல்லிவிட்டது. இந்த இரண்டிலும் இருந்தது என்ன? விற்பவர் தரப்பின் வாய்ச்சொல். அந்த மனைவி இறந்து போயிருந்தார், காப்பும் இல்லை. சொன்னதைச் சரிபார்க்க மூன்றாவது மனிதரின் எழுத்து எதுவும் கூட வரவில்லை. வாய்க்கதையை நான் வரலாறு என்று கருதவில்லை. அந்தந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட கடித உறை, தேதியிட்ட செய்தித்தாள் துணுக்கு, கையெழுத்து வாங்கியவரும் ஆட்டக்காரரும் நிற்கும் படம், வாரிசின் கையொப்பமிட்ட வாக்குமூலம், முந்தைய ஏலத்தின் பட்டியல் எண் போன்றவற்றைச் சொல்கிறேன். விற்பவரை நம்பாமலேயே சரிபார்க்க முடிகிற எதுவும் ஆகும். இவற்றையும் போலியாக்கலாம்தான். ஆனால் ஒரு கையெழுத்தைப் போலியாக்க ஒரு நிமிடம் போதும். ஒன்றோடொன்று முரண்படாத நான்கு ஆவணங்களை நான்கு வெவ்வேறு இடங்களில் விதைத்து வைப்பது யாருக்கும் அவ்வளவு எளிதல்ல. தவிர, ஆய்வகச் சோதனையை வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. சட்டையைக் காட்டிக் கொடுத்தது அதுதானே.

இன்னொரு மறுப்பு நியாயமான மனக்குறையிலிருந்து வருகிறது. தாத்தா சிறுவனாக இருந்தபோது யாங்கி ஸ்டேடியத்தின் வாசலில் காத்திருந்து வாங்கிய பந்துக்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்? ரூத் கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்திட்டவர். அந்தப் பந்துகளில் பெரும்பாலானவை மேசை இழுப்பறைகளிலிருந்துதான் வருகின்றன. ஆவணம் கேட்டால் அசலான அநாதைப் பொருள்கள் எல்லாம் குப்பைக்குப் போய்விடாதா? போக வேண்டியதில்லை. ‘இதன் வரலாறு தெரியாது’ என்று வெளிப்படையாக எழுதி, அதற்கேற்ற விலைக்கு விற்கட்டும், வாங்கட்டும். அதில் அவமானம் எதுவும் இல்லை. நான் எதிர்ப்பது, வரலாறு தெரியாத பொருளும் தெரிந்த பொருளும் ஒரே ஒட்டுவில்லையின் கீழ் ஒரே விலைக்குப் போவதை மட்டும்தான். அந்தச் சிறுவன் இன்று முதியவராக உயிரோடிருந்தால், அல்லது அவர் மகள் இருந்தால், அரைப்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு, எந்த வாசல், யார் கூட இருந்தார்கள், பந்து எந்த வீட்டில் எந்தப் பெட்டியில் இருந்தது என்று. இப்போது கேட்காவிட்டால் அடுத்த பத்தாண்டில் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள்.

ஆவணங்கள் குறைவாக உள்ள இடத்தில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. 1947 ஏப்ரல் 15இல் ஜாக்கி ராபின்ஸன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கும் வரை மேஜர் லீக் கறுப்பின ஆட்டக்காரர்களை வெளியே நிறுத்தியிருந்தது. கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆடிய நீக்ரோ லீக்குகளின் மாபெரும் மட்டையாளர் ஜாஷ் கிப்ஸன் அதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார். அவர் கையெழுத்து மிக அரிது. 2024 மே மாதம் மேஜர் லீக் தன் பதிவேட்டில் நீக்ரோ லீக்குகளின் புள்ளிவிவரங்களைச் சேர்த்தபோது, காப்பைத் தாண்டி .372 என்ற வாழ்நாள் சராசரியோடு கிப்ஸன் முதலிடத்துக்கு வந்தார். காலம் கடந்து கிடைத்த நீதி அது. கூடவே அவர் பெயரில் எழுதப்பட்ட எந்தத் துண்டுத்தாளுக்கும் கிராக்கி ஏறும் என்பதையும் நீங்கள் எதிர்பார்க்க வேண்டும். உயிரோடிருந்தபோது ஒரு மனிதருக்குக் கதவைச் சாத்திவிட்டு, செத்த பிறகு அவர் பெயரைப் போலியாக எழுதிச் சம்பாதிப்பதைப் போல இழிவு வேறில்லை. கிப்ஸனின் பெயரில் வரும் எதற்கும் வரலாறு கேட்காமல் பணம் கொடுப்பவர், தெரியாமலேயே அந்த இழிவுக்குத் துணைபோகிறார்.

இதுவரை போலியைப் பற்றிப் பேசினேன். அசலிலும் வில்லங்கம் உண்டு, அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்து, நியூயார்க்கில் கிரிக்கெட் ஆடி, பிறகு பேஸ்பாலுக்கு வந்தவர் ஹாரி ரைட். 1869இல் ஆட்டக்காரர் எல்லோருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸைக் கட்டியவர். தொழில்முறை பேஸ்பால் எப்படி உருவானது என்று அறிய அவருக்கு வந்த கடிதங்களும் அவருடைய கணக்கேடுகளும் முதன்மையான சான்றுகள். அவை, ஆட்டக்காரராக இருந்து விளையாட்டுப் பொருள் வணிகரான ஆல்பர்ட் ஸ்பால்டிங்கின் தொகுப்பில் சேர்ந்து, அவர் இறந்தபின் 1921இல் அவர் மனைவியால் நியூயார்க் பொது நூலகத்துக்குக் கொடையாகக் கொடுக்கப்பட்டன. அந்தத் தொகுப்பிலிருந்து ஏராளமானவை காணாமல் போயின. 2009 கோடையில், ஆல்-ஸ்டார் ஆட்டத்தையொட்டி நடந்த ஓர் ஏலத்தின் பட்டியலில் ரைட்டுக்கு 1870களில் எழுதப்பட்ட கடிதங்கள் தோன்றியபோது, அவை நூலகத்திலிருந்து திருடப்பட்டவையா என்று எஃப்.பி.ஐ. விசாரிக்க வேண்டி வந்தது. பாஸ்டனில் ‘தேர்ட் பேஸ்’ என்ற மதுக்கூடம் நடத்திய மைக்கேல் மெக்கிரீவி 1923இல் பாஸ்டன் பொது நூலகத்துக்குக் கொடுத்த புகைப்படங்களுக்கும் இதே கதி நேர்ந்தது. இந்தப் பொருள்களை எந்தச் சான்றளிப்பு நிறுவனத்திடம் கொடுத்தாலும் ‘அசல்’ என்றுதான் சொல்லும். சொல்வது உண்மையும்கூட. ‘அசலா?’ என்ற கேள்வி எவ்வளவு குறைவான கேள்வி என்பது இங்கேதான் தெரிகிறது.

நாங்கள் எடுத்து வைக்காவிட்டால் எல்லாம் அழிந்திருக்கும், அணிகளே தங்கள் பழைய காகிதங்களைக் குப்பையில் கொட்டினார்களே, நூலகங்கள் கதவைத் திறந்து போட்டிருந்தனவே என்று நீங்கள் சொல்லலாம். குப்பையில் கொட்டியதை எடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். காவலில் அசட்டையாக இருந்த நூலகங்களும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஆனால் பூட்டு பலவீனமாக இருந்தது என்பதால் திருடியவருக்கு உரிமை வந்துவிடாது. அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கும் அது வராது என்பது அமெரிக்கச் சட்டத்தின் பொதுவிதி. இருபது ஆண்டுகள் போற்றி வைத்த பொருளை ஒருநாள் இழப்பீடு இல்லாமல் ஒப்படைக்க நேரலாம். 1870களின் கடிதம் ஒன்று ஹாரி ரைட்டின் முகவரிக்கு எழுதப்பட்டிருந்தால், அது எந்தத் தொகுப்பில் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்க நிபுணர் வேண்டியதில்லை. நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் போதும்.

வரலாற்றுக்கு விலை இல்லாமல் கையெழுத்துக்கு மட்டும் விலை இருக்கும் சந்தை, பொருள்களையே சிதைக்கிறது. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாராமல் கையெழுத்தை மட்டும் கத்தரித்து எடுத்து அட்டைக்குள் பொதிந்து விற்கிறார்கள். ஓர் அணியே கையெழுத்திட்ட பந்தில் மற்றவர்களின் பெயர்களை அழித்துவிட்டு ரூத்தை மட்டும் மிச்சம் வைத்து, ஒற்றைக் கையெழுத்துப் பந்தாக்குகிறார்கள். மங்கிய எழுத்தின் மேல் புது மை ஓட்டுகிறார்கள். 2003இல் ஓர் அட்டை நிறுவனம் ரூத்தின் 1925ஆம் ஆண்டுச் சட்டையை 2,64,210 டாலருக்கு வாங்கி, ஏறத்தாழ 2,100 துண்டுகளாக வெட்டி அட்டைகளில் ஒட்டி விற்றது. ஒரு பந்தில் ரூத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர் தெரியாத மாற்று ஆட்டக்காரனின் கையெழுத்துதான் அந்தப் பந்து எந்த ஆண்டின் எந்த மாதத்தைச் சேர்ந்தது என்று சொல்லும். அவன் அந்த அணியில் நான்கு வாரம் மட்டுமே இருந்திருப்பான். அவனை அழிப்பவர், ரூத்தின் கையெழுத்துக்கு இருந்த ஒரே சாட்சியையும் சேர்த்து அழிக்கிறார்.

ஏல நிறுவனங்கள் விற்பவரின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டும். பெயரைப் பட்டியலில் அச்சிட வேண்டாம், வென்றவருக்கு மட்டும் மூடிய உறையில் தரட்டும் என்று கேளுங்கள். தர மறுத்தால் அந்தப் பொருளுக்குக் கையைத் தூக்காதீர்கள். நாலு பேர் இப்படி ஒதுங்கினால் அடுத்த பட்டியலில் வரலாறு தானாக அச்சாகும். உங்களிடம் இப்போது இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும், எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள், விற்றவர் என்ன சொன்னார் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுப் பொருளோடு சேர்த்து வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். உங்களுக்குப் பின் அதை விற்கப்போகிற பிள்ளைகளுக்கு அந்தத் தாள்தான் தாய்ப் பத்திரம்.

ஸ்பால்டிங் தொகுப்பிலிருந்து போன பொருள்களில் பல இன்னும் திரும்பவில்லை. ஹாரி ரைட்டுக்கு எழுதப்பட்ட கடிதமோ அவர் காலத்துப் படமோ உங்களில் யாரிடமாவது இருந்து, அது எப்படி வந்தது என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தால், இந்த வாரமே நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில், 42ஆம் தெரு முனையில் இருக்கும் அந்த நூலகத்துக்கு எழுதுங்கள். அவர்களுடையது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவருக்காவது இது பயன்படும் என்று நம்பும் ஒரு வாசகன்